ஆலிஸ் தோர்ன்பரிக்குப் படையல்

நவம்பர் 2, சனி

ஆறாம் அறை ஹீட்டர் மறுபடியும் வேலைநிறுத்தம். இரண்டு தட்டுத் தட்டினேன், சூடாகிவிட்டது. இந்த மோட்டலை வாங்கிய நாள் முதல் நான் கற்றுக்கொண்ட பொறியியல் இவ்வளவுதான்.

வாசலில் நின்றால் சுப்பீரியர் ஏரி. ஏரி என்று பேர்தான். அக்கரை தெரியாது. தெருநீளக் கப்பல்கள் ஓடுகின்றன. அலை அடிக்கிற சத்தத்தில் நித்திரை வரவில்லை என்று கடைசி அறைக்காரர்கள் முறைப்பாடு சொல்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஆள். எனக்குத் தெரிந்த தண்ணீர் தோட்டக் கிணற்றுத் தண்ணீர். அது இருந்த இடத்தில் மரியாதையாக இருக்கும்.

மகள் சாம்பவி இந்த ஏரியில்தான் இருக்கிறாள். 'நோர்த் ஹெரன்' என்ற சரக்குக் கப்பலில் மூன்றாவது மேட், கப்டனுக்குக் கீழே மூன்றாம் அதிகாரி. கப்பல் படிப்புக்கு அனுப்பியது நான்தான். படித்து முடித்துவிட்டுத் துறைமுக ஒஃபீசில் கதிரையில் உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் கப்பல் ஏணியில் ஏறிவிட்டாள். ஆகஸ்டில் புறப்படும்போது, "உந்தக் கப்பலிலை ஏறினால் எனக்கு ஃபோன் எடுக்கக் கூடாது" என்றேன். எடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொல் கேட்காத பிள்ளை, இந்த ஒரு சொல்லை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

தாய் யோகாவோடு தினமும் கதைக்கிறாள். யோகா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவாள். நான் பேப்பர் வாசிப்பேன். அந்த நேரத்தில் பக்கம் திருப்புவதில்லை, சரசரப்பில் கதை கேட்காது.

ரொறன்ரோவில் இருக்கிற பரமேஸ் அக்காவுக்கும் மற்றச் சொந்தங்களுக்கும், சாம்பவி ஹமில்டனில் ஒரு ஒஃபீசில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஊர்ச் சனத்துக்கும் அதே ஒஃபீஸ்தான். பெண்பிள்ளை நவம்பர் காற்றில் கப்பல் ஓட்டுகிறாள் என்று சொன்னால் அக்கா என்னைத்தான் கடலில் தள்ளுவாள்.

நவம்பர் 3, ஞாயிறு

டொரீன் வந்தாள். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள், ஊரில் எதை நடத்துவதென்றாலும் அவள்தான். (ஒரு விஷயம்: இந்த ஊர்ச் சனம் பேசுவது இங்கிலிஷ். எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ். ஆகவே இந்தக் கொப்பியில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். அவர்களுக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.)

விஷயம் 'ஆலிஸ் தோர்ன்பரி'. ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே நவம்பரில், தாதுமண் ஏற்றிப்போன கப்பல் புயலில் இரண்டாக உடைந்து தாண்டுபோனது. ஒருவரும் மிஞ்சவில்லை. அதில் இந்த ஊர் ஆட்களும் இருந்தார்கள், டொரீனின் அண்ணன் பொபியும் ஒருவன். ஒவ்வொரு வருஷமும் தேவாலயத்தில் பேரை வாசித்து, பேருக்கு ஒரு மணி அடித்து, பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. சாண்ட்விச் செய்துவந்தவள் வேறு ஊருக்குப் போய்விட்டாளாம்.

"நீர் செய்வீரோ குலம்?"

"செய்யலாம். அவையளுக்கு என்ன விருப்பம்?"

"வாறவைக்கோ? சாண்ட்விச்தான், சூப்..."

"வாறவைக்கு இல்லை. செத்தவைக்கு."

டொரீன் என்னைப் பார்த்தாள். நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் பக்கத்தில் திவசம் என்றால், போன ஆளுக்கு விருப்பமானதைச் சமைத்து, முதலில் அவருக்குப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். வேறு மாதிரிச் சமைக்க எனக்குத் தெரியாது.

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "கரிஞ்ச பாண்" என்றாள். "பொபிக்குப் பாண் வாட்டினால் கறுப்பா இருக்கவேணும். அம்மா கத்தியாலை சுரண்டினால் கோவம் வரும். வீடெல்லாம் புகை." சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, பட்டர் நிறையப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. படையலுக்கு விசாரிக்கிற சாக்கில் ஒவ்வொரு வீடாகப் போவேன். புயல் எப்படி இருந்தது, கப்பல் எப்படி முறிந்தது, கரையில் இருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்று அவர்கள் வாயாலேயே ஃபோனில் பதிந்து, யோகா மூலம் சாம்பவிக்கு அனுப்புவேன். இரண்டு கதை கேட்டாளானால் அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவாள்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

கப்பல்கள் நிற்கிற இடத்தைக் காட்டுகிற ஆப் ஒன்றை ஃபோனில் இறக்கினேன். பொது அறிவுக்கு.

நவம்பர் 6, புதன்

முதல் வேட்டை. ஐலி என்ற பின்லாந்துக்காரியின் வீடு. எண்பது வயது, முதுகு நேர்க்கோடு. முதல் புருஷன் மத்தி, 'ஆலிஸ் தோர்ன்பரி'யில் சுக்கான் பிடித்தவன். இப்போதைய புருஷன் எய்க்கி மரம் வெட்டியவர், கப்பலில் கால் வைத்ததில்லை. இருவரும் குசினி மேசையில் தேத்தண்ணியும் கேக்குமாக இருந்தார்கள். நான் ஃபோனைப் பதிவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நேரே புயலைப் பற்றிக் கேட்டால் மரியாதையில்லை. ஆகவே முதலில் சாப்பாட்டைக் கேட்டேன். அதுதான் பிழை.

"பன்னுக்காக்கு" என்றாள் ஐலி, யோசிக்காமல். முட்டையும் பாலும் மாவும் அடித்து அவணில் வேகவைக்கிற ஒரு தடித்த அப்பம். "ஞாயிற்றுக்கிழமையிலை அவருக்கு அது இல்லாட்டி விடியாது."

எய்க்கி கரண்டியைக் கீழே வைத்தார். "ஞாயிற்றுக்கிழமையோ?"

"ஓம்."

"எனக்கு நீ ஒவ்வொரு ஞாயிறும் சுட்டுத் தாறது?"

"ஓம்."

"நான் அது எனக்கெண்டு நினைச்சன்."

"நீங்கள்தானே சாப்பிட்டனீங்கள்" என்றாள் ஐலி.

எனக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. ஒரு கேள்வியால் நாற்பது வருஷக் குடும்பத்தைப் பிரித்துவிட்டேன் என்று நினைத்தேன். கிழவர் யன்னலால் ஏரியை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நல்ல நாக்கு அவனுக்கு" என்று சொல்லி மேலும் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். ஐலி அவருடைய தலையைத் தடவிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். முட்டை எத்தனை, அவண் சூடு எவ்வளவு, மூவரும் சிரிப்பது, பிறகு என் சட்டைப்பை உரசுகிற சத்தம். இதைக் கேட்டு எந்தப் பிள்ளை கப்பலை விட்டு இறங்கும்?

நவம்பர் 7, வியாழன்

பதிவை யோகா கேட்டுவிட்டாள். கேட்டதும் சாம்பவிக்கு அனுப்பியும்விட்டாள். கப்பல் சமையல்காரன் பன்னுக்காக்கு சுட்டானாம், நல்லா வந்ததாம். ஸ்பீக்கரில் கேட்டேன். பேப்பரில் கோதுமை விலை ஏறியிருக்கிறது.

நவம்பர் 9, சனி

ஹாட்வெயர்க் கடை மார்க்கஸ். தகப்பன் லியோதான் 'ஆலிஸ் தோர்ன்பரி'யின் சமையல்காரர். இந்த முறை உஷாராக இருந்தேன். கடைக்குள் போனதும் முதல் கேள்வியே, "அண்டைக்கு அலை எவ்வளவு உயரம்?"

மார்க்கஸ் ஆணி நிறுத்துக்கொண்டு நின்றவன், பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல அலை, காற்று, இரும்புத்தகடு, கடைசி ரேடியோச் செய்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள், சொல்லிச் சொல்லி அது அவனுக்குத் தேய்ந்துபோய்விட்டது. எனக்கே பயம் வரவில்லை.

சரி என்று சாப்பாட்டைக் கேட்டேன்.

ஆணிப் பெட்டியை மூடிவிட்டான். "ரின் மீன்" என்றான். தகரத்தில் அடைத்து விற்கிற மீன். "ஊருக்கெல்லாம் இறைச்சி சுட்டுப் போடுவார். தான் சமைச்சதைத் தான் தின்னமாட்டார். வீட்டுக்கு வந்தால் ரின்னை உடைச்சு, நிண்டபடி, முள்ளுக்கரண்டியாலை. என்னைத் தூக்கி மேசையிலை இருத்தி, எனக்கொரு வாய், தனக்கொரு வாய்." பெட்டி மூடியைத் தடவிக்கொண்டே, "எனக்கு அவரின்ர முகம் ஞாபகம் இல்லை குலம். படத்திலை பாத்த முகம்தான். இந்த மீன் மணம் மட்டும் ஞாபகம் இருக்கு. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான்.

ரின் மீனை வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டினால் எப்படி இருக்கும் என்று நான் சொன்னேன். லியோவுக்கு அது பிடித்திருக்கும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

வாங்க வந்த குழாய் வாசரை மறந்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கும் போகவேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

வீட்டில் சமயப் பிரச்சினை. திவசத்துக்கு மரக்கறிதானே படைப்பது? கையிலிருக்கிற விருப்பங்களோ மீன், பன்றி, மாட்டு ஈரல். நான் இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

யோகா உடுப்பு மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "செத்து எட்டாம் நாள் எங்கடை ஆக்கள் மீன், இறைச்சி எண்டு மச்சம் படைக்கிறவைதானே. உவையளுக்கு எட்டுச்செலவு ஆர் செய்தது? உடம்பே கிடைக்கேல்லை. இவ்வளவு நாளும் செய்யாத எட்டை இப்ப செய்யுறம் எண்டு நினைச்சுக்கொண்டு செய்யுங்கோ."

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவள். நல்லூரில் ஐயராகப் பிறந்திருக்கவேண்டியவள்.

நவம்பர் 12, செவ்வாய்

டொரீனோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும்தான் போட்டேன்.

மண்டபத்தில் மேசை அளந்துகொண்டிருந்தோம். திடீரென்று, "உம்மடை மகளுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்றாள்.

அளவுநாடாவைக் கீழே போட்டுவிட்டேன். "அந்தக் கேள்வியை என்ர பிள்ளையைப் பற்றிக் கேக்காதேங்கோ" என்று கத்தினேன். பத்து நாளாக நான் செத்தவர்களுக்குக் கேட்டுத் திரிந்த கேள்வி அது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது கேட்பார்களா? அபசகுனம். அவளுக்கு எப்படித் தெரியும் அது? அவள் பாவம், குனிந்து நாடாவை எடுத்துத் தந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எந்தக் கப்பல்?"

"என்ன கப்பல்? அவள் ஹமில்டன் ஒஃபீசிலை..."

"குலம், ஒரு கிழமையா நீர் என்னட்டைக் காற்று எந்தத் திசையெண்டு கேக்கிறீர். தண்ணியிலை ஆள் இல்லாதவன் அதைக் கேக்கமாட்டான். அம்மா கடைசிவரைக்கும் கேட்டவ."

'நோர்த் ஹெரன்' என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தாள். மேசைகள் சரியாக அளவெடுத்தோம்.

நவம்பர் 13, புதன்

சாம்பவிக்குச் சின்ன வயதில் இடியப்பமும் சொதியும். இப்போது என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாது. மத்தியின் விருப்பத்தை ஐலி யோசிக்காமல் சொன்னாள்.

நவம்பர் 15, வெள்ளி

தண்டர் பே போய் வாழையிலை வாங்கினேன், தாய்லாந்துக் கடையில், ஐஸ்பெட்டிக்குள் செங்கல்லாக உறைந்து கிடந்தது. வாகனத்தின் ஹீட்டருக்கு முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேரும்போது வாகனம் முழுக்கக் கல்யாணவீட்டு மணம்.

ரேடியோவில் புயல் எச்சரிக்கை. வடமேற்குக் காற்று. இப்போது திசை எல்லாம் எனக்கு அத்துப்படி.

நவம்பர் 16, சனி

காலையிலிருந்து காற்று. மோட்டல் பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துப் பறந்துவிட்டது. ஈரலுக்கு வெங்காயம் வெட்டினேன், ஃபோனைப் பார்த்தேன். பாணைக் கரித்துப் பழகினேன், ஃபோனைப் பார்த்தேன். 'நோர்த் ஹெரன்' ஒரு சின்னப் பச்சை அம்பு. ஏரி நடுவில், ஒரு துணையும் இல்லாமல், ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அது போகவேண்டிய பாதையை விட்டு வளையத் தொடங்கியது.

யோகா வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் இன்றைக்கு ஸ்பீக்கரில் பேசவில்லை, சாம்பவிக்கு ஃபோனே கிடைக்கவில்லை. ஆகஸ்டில் சொன்னதைத் தவிர சாம்பவியோடு வேறு பேச்சில்லை, அதுவே கடைசிப் பேச்சாகப் போய்விட்டால் நான் எப்படி உயிரோடு இருப்பேன் என்று யோசித்தேன். இதை யோகாவுக்குச் சொல்லவில்லை. "பாண் கரிஞ்சு போச்சு" என்றேன். "கரியவேணும்தானே" என்றாள்.

இருட்டும்போது அம்பு ஒரு தீவுக்குப் பின்னால் போய் நின்றது. வட்டமாக மாறியது. வட்டம் என்றால் நங்கூரம். நான் ஃபோனைக் கும்பிட்டேன். யோகா பார்த்தாள், சிரிக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலேயே மண்டபத்தில் மேசைகளில் இலை விரித்தேன். ஊர் ஆட்களின் படங்களுக்கு முன்னால் அவரவர் சாப்பாடு. பொபிக்குக் கறுத்த பாண், பட்டர் நிறைய. மத்திக்குப் பன்னுக்காக்கு, சுட்டுக்கொண்டு வந்தவர் எய்க்கி. ஐலியை அடுப்பருகே விடவில்லையாம். லியோவுக்கு ரின் மீன் பிரட்டல். தூர ஊர் மாலுமிகளின் விருப்பம் ஒருவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தேன். பசியோடு வந்தவன் வேண்டாமென்று சொல்லமாட்டான். பாதிரியார் வந்து இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதல் அவையள் சாப்பிட்டபிறகுதானே நாங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நல்ல ஒழுங்கு" என்றார்.

பிறகு தேவாலயம். வெளியே காற்று கூரையைப் பிடித்து ஆட்டியது. டொரீன் பேர் வாசித்தாள், ஒவ்வொரு பேருக்கும் மணி. இதுவரை எல்லா வருஷமும் ஒரு பேருக்கு அவ்வளவுதானாம். பொபியின் பேர் வந்தது. மணி அடித்து ஓய்ந்தது. டொரீன் அடுத்த பேருக்குப் போகவில்லை. "கரிஞ்ச பாண் விரும்பி" என்றாள்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்தது மத்தி. மணி. "பன்னுக்காக்கு" என்று சத்தமாகச் சொன்னது எய்க்கி. லியோவின் பேருக்கு மார்க்கஸ் எழுந்து, "ரின் மீன், நிண்டபடி" என்றான். அதற்குப் பிறகு தேவாலயமே கலகலத்துவிட்டது. ஈரல், ஊறுகாய், மாமியார் சுட்ட அப்பிள் பை, மற்றவன் தட்டில் இருப்பது. செத்தவீட்டில் சிரிப்பதா என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் அழுதுகொண்டும் இருந்தார்கள்.

கடைசியில் டொரீன் புத்தகத்தை மூடினாள். "இண்டைக்கு ஏரியிலை ஆக்கள் இருக்கிறவை எழும்பிப் பேரைச் சொல்லுங்கோ."

இது வழக்கமாம். எனக்கு அவள் சொல்லவில்லை. அங்கொருவர், இங்கொருவர் எழுந்தார்கள். மகன் பேர், மருமகன் பேர், கப்பல் பேர். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, "பத்திரமா வந்து சேரட்டும்" என்றார்கள். யோகா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். டொரீனும் என்னைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் கமரா இருந்தது. கப்பல்களில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக நேரலையாகப் போகிறது என்று தெரியும். ஊர் முழுக்க ஒஃபீஸ் கதை சொன்னவன் நான் என்றும் தெரியும்.

எழுந்தேன்.

"சாம்பவி" என்றேன். காற்றுச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. மறுபடி சொன்னேன். "சாம்பவி குலேந்திரன். 'நோர்த் ஹெரன்' கப்பலிலை மூன்றாவது மேட். என்ர மகள்."

பத்திரமா வந்து சேரட்டும் என்று இத்தனை பேர், அரைவாசிப் பேர் அப்படி வந்து சேராதவர்களின் பிள்ளைகள், என் பிள்ளைக்காகச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. மறைக்க ஏலவில்லை, மறைக்கவும் இல்லை. மார்க்கஸ் பின்வரிசையிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மண்டபத்தில் கரிந்த பாண்தான் முதலில் முடிந்தது.

பாத்திரம் கழுவும்போது ஃபோன் அடித்தது. என் ஃபோன்.

"அப்பா, நான் ஃபோன் எடுக்கலாமோ?"

"எடுத்துப்போட்டுத்தானே கேக்கிறாய்."

"சாப்பாட்டறையிலை எல்லாரும் இருந்து பாத்தனாங்கள். கப்டனும்."

"பயமாக் கிடந்ததோ பிள்ளை?"

"நேற்றுப் பின்னேரம் பயம்தான். அதுதானே வந்து தீவுக்குப் பின்னாலை நிக்கிறம். திரும்புவம் எண்டு முதல் சொன்னது நான்தான் அப்பா. கப்டன் சரியெண்டிட்டார்."

இறங்கி வந்துவிடு என்று சொல்லத்தான் இரண்டு கிழமையாகத் திட்டம் போட்டேன். வாய்க்குள் ஆயத்தமாகவே இருந்தது. அந்த வளைந்த அம்பு இவள் கை என்று அப்போதுதான் விளங்கியது.

"வரேக்குள்ளை என்ன சமைச்சு வைக்கிறது?" என்று கேட்டேன். செத்தவர்களிடம் இப்படிக் கேட்க முடியாது.

நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பிட்டு, அம்மா செய்கிற கேக், நான் செய்யவே கூடாத ரசம் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கப்பலுக்கு ஏற்றலாம். இடியப்பம் வரவில்லை. யோகா தோளுக்கு மேலால், "ஸ்பீக்கரிலை போடுங்கோ" என்றாள். நான் போடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. விடிய ஆறு மணிக்கு வட்டம் மறுபடி அம்பாகியது. வாசர் மாற்றினேன்.

பத்து மணிக்குப் பரமேஸ் அக்கா. தேவாலய வீடியோவை யோகா குடும்ப வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள், என்னை ஒரு சொல் கேட்காமல். இந்தப் பழக்கம் பிள்ளைக்கு எங்கேயிருந்து வந்தது என்று இனி ஆராயத் தேவையில்லை.

"தம்பி, என்னடா இது? பிள்ளை ஹமில்டனிலை ஒஃபீசிலை எண்டாய். அழுதுகொண்டு கப்பலெண்டு சொல்லுறாய். உவள் உண்மையாவே கப்பல் ஓட்டுறாளோ?"

"ஓம் அக்கா" என்றேன். "நவம்பரிலையும் ஓட்டுறாள்."